கட்டுநாயக்காவில் பள்ளம் தேடியவன்

சமதரையில் பிறந்தவர்களுக்கு வண்டி நிறுத்துவது என்றால் இடம் தேடுவது. மலையில் பிறந்த எங்களுக்கு அது பள்ளம் தேடுவது. இந்த வித்தியாசம் மண்டையில் ஏறாததால், ஒருநாள் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என் தங்கச்சியின் எதிர்காலத்தை வலது காலால் மிதித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். காலை எடுத்தால் ஒரு பளபளப்பான கார் நசுங்கும், எடுக்காவிட்டால் தங்கச்சி மஸ்கட் போகமாட்டாள். அப்படி ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, பெருமையோடு வண்டியை நிறுத்தியது நானேதான்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவின் காலில் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி இறங்கி அவர் வேலைக்குப் போகமுடியாமல் கிடந்தபோது நான் எட்டாம் வகுப்பு. அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. கொழும்பில் இரும்புக்கடையில் சீமெந்து மூட்டைமேல் படுத்தேன். தம்புள்ளையில் மரக்கறி லொறி இறக்கினேன். புத்தளத்தில் உப்பு அள்ளினேன். (சில இடங்களில் சம்பளமும் தந்தார்கள்.) ஒரு இடத்தில் கொஞ்சக்காலம் இருந்தால் உள்ளங்கால் அரிக்கத் தொடங்கிவிடும். அரிப்பு தாங்காமல் ஊர் திரும்பிய ஒரு தடவைதான் லிந்துலையில் பெருமாள் அண்ணனுடைய வேன் என் கைக்கு வந்தது.

அந்த வேனைப் பற்றித்தான் சொல்லவேண்டும். லீக்ஸும் கரட்டும் ஏற்றும் வேன். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட்டர் செத்து எத்தனையோ காலம். அதைச் சரிபார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. எதற்குத் தோன்றவேண்டும்? எங்கள் ஊரில் ரோடு என்றாலே ஒன்று ஏறும், அல்லது இறங்கும். வேனை முகம் கீழே பார்க்கிற மாதிரி நிறுத்தி, முன் டயருக்கு அடியில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வந்து கல்லை எடுத்தால் வேன் தானாக உருளும். இரண்டாவது கியரில் போட்டு கிளச்சை விட்டால் உறுமிக்கொண்டு கிளம்பிவிடும். லிந்துலையில் பாதி வண்டி அப்படித்தான் கிளம்பும்.

ஹேண்ட் பிரேக் என்று ஒரு கம்பி இருந்தது. அதில் பை மாட்டலாம். கியரில் விட்டுப்போனாலும் கொஞ்சநேரத்தில் கியர் தானாக நழுவிக்கொள்ளும். ஆகவே கல்தான் எல்லாம். ஆற்றிலிருந்து பொறுக்கிய கருங்கல், ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. அது இருக்கையை அழுக்காக்குகிறது என்று அம்மா திரைச்சீலை தைத்து மிஞ்சிய பூப்போட்ட துணியில் அதற்கு ஒரு பை தைத்துக் கொடுத்திருந்தார். என் இருக்கைக்குப் பின்னால் அதன் இடம். அங்கே வேறு எதையும் வைக்க நான் விடமாட்டேன்.

இந்த நிலையில்தான் தங்கச்சி ஸ்டெல்லாவுக்கு மஸ்கட்டில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்தது. வரவேற்பு மேசை வேலை! எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து வெளிநாடு போனவர்கள் உண்டு. எல்லோரும் வீட்டுவேலைக்குப் போனவர்கள். கோட்டுப் போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் நின்று இங்கிலீஷ் பேசப் போவது இவள்தான் முதல். மாதா கோயில் சிஸ்டரிடம் கதை கேட்டுக் கேட்டே இங்கிலீஷ் பிடித்தவள். செய்தி வந்த அன்றைக்கு லயமே கலகலப்பாகிவிட்டது. அப்பா கால் வலியை மறந்து கடைவரை நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்தார். வரும்போதுதான் வலி ஞாபகம் வந்ததாம்.

"நல்ல வண்டியா ஒண்ணு பேசிக்குவோம்ணே," என்றாள் ஸ்டெல்லா.

"ஏன், நம்ம வேனுக்கு என்னா?"

"ஸ்டார்ட் ஆகாது."

"இப்ப ஆகலியா? தெனமும் ஓட்டுறேன்ல?"

"அண்ணே, அங்கல்லாம் ஒரே சமதரையாம். பள்ளமே இருக்காதாம்."

"அட போடி. ஒலகத்துல பள்ளம் இல்லாத எடமும் இருக்கா? கட்டுநாயக்கா எனக்குத் தண்ணிபட்ட பாடு."

(நான் அதற்கு முன் கட்டுநாயக்காவைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. லொறியில் உப்பு மூட்டைமேல் படுத்தபடி. அதுவும் தூக்கத்தில்.)

புறப்படும் நாளில் வேனுக்குள் பதினொரு பேர். அம்மா, அப்பா, ஸ்டெல்லா, பெரிய அக்காவின் புருஷன் அருள் மச்சான், சித்தப்பா, மற்றவர்களெல்லாம் "நாங்களும் பிளேன் பாக்கணும்" என்று ஏறிய சொந்தங்கள். அம்மா தீர்த்தம் கொண்டுவந்து எல்லோர்மேலும் தெளித்தார். வேன்மேல் தெளித்தார். கடைசியில் கல்லின்மேலும் ரெண்டு சொட்டு.

"அதுக்கு எதுக்கும்மா?"

"அதுதானே ஒங்க எல்லாரையும் புடிச்சு வெச்சிருக்கு?"

மச்சான் கல்லை எடுத்தார், ஓடிவந்து ஏறினார், வேன் உருண்டது, உறுமியது, உள்ளே ஒரே ஆரவாரம். ஹட்டனில் பாட்டு தொடங்கியவர்கள் கினிகத்தேனை தாண்டியும் நிறுத்தவில்லை. அப்பா மட்டும் வாந்தி வராமல் இருக்க மாத்திரை போட்டுக்கொண்டு, கடைசி இருக்கையில் வாயைத் திறந்து தூங்கினார்.

கித்துல்கலையில் டீ குடிக்க நிறுத்தினோம். எங்கள் பயணத்தின் கடைசிப் பள்ளம் அது. அதற்குப் பிறகு எஞ்சினை நிறுத்தக்கூடாது என்று எனக்குத் தெரியும். திரும்பக் கிளம்பும்போது கல்லெடுக்கும் மச்சான் ஆற்றங்கரையிலிருந்து அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்ததால், சித்தப்பா எடுத்தார். சித்தப்பா சுத்தக்காரர். கல்லின் மண்ணைத் துடைத்து, பூப்போட்ட பையில் போட்டு, அழகாக முடிச்சுப் போட்டு, பின்னால் பெட்டிகளோடு பெட்டியாக வைத்துவிட்டார். என் இருக்கைக்குப் பின்னால் இடம் காலியாக இருப்பதைப் பார்த்த அம்மா, ஸ்டெல்லாவின் கைப்பையை அங்கே சொருகினார். பாஸ்போர்ட், டிக்கட், போன் எல்லாம் அதில்தான். அம்மா பிற்பாடு சொன்ன நியாயம் இது: "யாரையும் கை வெக்க விடமாட்டான்ல, அதான் பத்திரமான எடம்னு வெச்சேன்."

இதெல்லாம் எனக்குப் பின்னால் நடந்தது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவிசாவளையைத் தாண்டியதும் உலகம் தட்டையாகிவிட்டது. ரோடு கிடக்கிறது, கிடக்கிறது, கிடந்துகொண்டே இருக்கிறது! ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

கட்டுநாயக்காவை நெருங்கியபோது எங்கள் தலைக்கு நேர்மேலே ஒரு பிளேன் இறங்கியது. சக்கரம் தெரிந்தது! வேனுக்குள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி ஜன்னலுக்கு வந்தார்கள். அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். நம்ம ஸ்டெல்லா இதில் ஏறப் போகிறாள். நம்ம வேனில் வந்து இதில் ஏறப் போகிறாள்!

"அண்ணே, என்னைய வாசல்ல எறக்கி விட்டுட்டு அப்புறமா வண்டிய போடுங்க," என்றாள் அவள்.

"ஒத்தையில எறங்கிப் போறதுக்கா இத்தன பேரு வந்தோம்? எல்லாரும் சேந்து போவோம்," என்றார் அம்மா. அதோடு அந்த யோசனை செத்தது.

வாகனத் தரிப்பிடத்துக்குள் நுழைந்தேன். மஞ்சள் அங்கி போட்ட ஒருவர் ஓடிவந்தார். வாசலுக்குப் பக்கத்திலேயே, மர நிழலில், ரெண்டு வெள்ளைக் கோட்டுக்கு நடுவில் ஓர் அருமையான இடத்தைக் காட்டினார்.

"மெதன தான்ன, மல்லி." இங்கே போடு தம்பி என்கிறார்.

நான் இடத்தைப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி சமம். ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அப்படியே நிற்கும்.

"அய்யே, பல்லமக் தியனவாத?" என்று கேட்டேன். அண்ணே, ஒரு பள்ளம் இருக்கிறதா?

அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நிழல் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள், கழிவறை கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். பள்ளம் கேட்டவன் நான்தான் போலிருக்கிறது. என்னை ஒருமுறை பார்த்தார், வேனை ஒருமுறை பார்த்தார், வழியை விட்டு விலகினார்.

சுற்றத் தொடங்கினேன். உள்ளே ஆளுக்கொரு சத்தம்.

"பிளேன் தெரியிற எடமா பாருப்பா."

"கக்கூசு பக்கமா போடுடா, அவசரம்."

"நெழல்ல போடு, சோத்துப் பார்சல் பழுதாயிரும்."

"எங்கயாவது போடுங்கண்ணே! நேரமாகுது!" இது ஸ்டெல்லா.

மஞ்சள் அங்கிக்காரரை மறுபடியும் கடந்தேன். அவர் அதே இடத்தைக் காட்டினார். நான் சிரித்துக் கையசைத்தேன். மூன்றாவது சுற்றில் அவர் காட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார். எல்லா இடத்தையும் விட்டு, ஆகத் தொலைவில், வேலியோரமாக, மழைநீர்க் கான் வெட்டிய மண்ணைக் கொட்டிப் புல் முளைத்த ஒரு மேடு கண்ணில் பட்டது. இடுப்பளவு உயரம் இருக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! வெளிநாட்டில் சொந்த ஊர்க்காரனைக் கண்டது மாதிரி இருந்தது.

பின்பக்கமாக ஏற்றினேன். முகம் கீழே பார்த்தது. எஞ்சினை நிறுத்தினேன். அவிசாவளையிலிருந்து அடைத்துக்கிடந்த மூச்சை அப்போதுதான் விட்டேன்.

"பாத்தியா? பள்ளம் இருக்காதுன்னியே!"

ஸ்டெல்லா தூரத்தில் எறும்பு மாதிரி தெரிந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், சாமான் எல்லாத்தையும் எடுத்துக்குங்க. எனக்குப் பின்னால இருக்க பைய மட்டும் வெச்சிட்டுப் போங்க, அது கல்லு. நான் கியர்ல போட்டு, கல்ல வெச்சிட்டு ஓடியாறேன்."

மச்சான் சொன்னபடி செய்கிறவர். எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் அடுக்கினார், எனக்குப் பின்னால் இருந்த பையைத் தொடவில்லை. பெட்டிகளை அம்மா எண்ணிக்கொண்டார், அம்மாவிடம் தன் கைப்பை இருக்கும் என்று ஸ்டெல்லா நினைத்துக்கொண்டாள். கூட்டம் ஊர்வலம்போலக் கிளம்பிப் போனது. பிரேக்கில் கால் வைத்தபடியே நான் பின்னால் கையை நீட்டினேன்.

மெத்தென்று இருந்தது.

எங்கள் கல் மெத்தென்று இருக்காது. இழுத்துப் பார்த்தேன். பழுப்பு நிறக் கைப்பை. அந்த நேரம் பார்த்து அதற்குள்ளிருந்து போன் அடித்தது. அதே நேரத்தில் ஒரு கறுப்புக் கார், புத்தம்புதுசு, முகம் பார்க்கலாம், சத்தமில்லாமல் வந்து மேட்டின் அடியில் எனக்கு நேர்கீழே நின்றது. அதிலிருந்து இறங்கியவர் பூட்டிவிட்டு நடந்தே போய்விட்டார்.

போனை எடுத்தேன்.

"டேய், நீ ஏன்டா ஸ்டெல்லா போன எடுக்குற?" மச்சான்.

"நீங்க ஏன் அவ போனுக்கு அடிக்கிறீங்க?"

"அது எங்க இருக்குன்னு பாக்கத்தான். பாஸ்போட்டு அந்தப் பையில இருக்காம்!"

"பையி இங்க இருக்கு! கல்லு எங்க?"

மச்சான் தணிந்த குரலில் சொன்னார்: "கல்லு மெசினுக்குள்ள போயி புடிபட்டிருச்சு."

வாசலில் நடந்ததைப் பின்னால் பலர் பலவிதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எல்லோரும் ஒத்துக்கொள்ளும் பகுதி இதுதான். பெட்டிகள் மெஷினுக்குள் போயின. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். இருவரும் சேர்ந்து பூப்போட்ட பையின் முடிச்சை மெதுவாக அவிழ்த்தார்கள். தீர்த்தம் தெளித்த கருங்கல். தலைமை அதிகாரி வந்து, இது என்ன என்று ஸ்டெல்லாவிடம் இங்கிலீஷில் கேட்டார். கோயில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் அத்தனையையும் திரட்டி, நிமிர்ந்து நின்று, அவள் இங்கிலீஷிலேயே பதில் சொன்னாள்:

"சேர், இது என் அண்ணனுடைய ஹேண்ட் பிரேக்."

அதிகாரி கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பிறகு பாஸ்போர்ட்டைக் கேட்டாராம். அப்போதுதான் போன்.

இங்கே நான் பிரேக்கை மிதித்துக்கொண்டு இருந்தேன். ஸ்டெல்லா உள்ளே போய்ப் பெட்டி போடும் கவுண்டரை மூடப்போகிறார்கள் என்று மச்சான் சொல்லிவிட்டுப் போனை வைத்திருந்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடவேண்டும். கியரில் விட்டாலும் நான் திரும்புவதற்குள் நழுவிவிடும். காலை எடுத்தால் கறுப்புக் கார். கடைசி இருக்கையில் இன்னும் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை எழுப்பலாம் என்று திரும்பினேன்.

"அப்பா! அப்பா!"

குறட்டை ஒரு படி உயர்ந்தது. மாத்திரை நல்ல மாத்திரை.

ஜன்னல் வழியாகக் கத்தினேன். மஞ்சள் அங்கிக்காரர் வந்தார். டயருக்கு அடியில் ஒரு கல் வைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் சுற்றுமுற்றும் தேடினார். எங்கள் ஊரில் குனிந்தால் கல், நடந்தால் கல், சோற்றில்கூடக் கல். இங்கே பொட்டு அளவுக்குக் கல் இல்லை! அவர் ஓடிப்போய் ஒரு செம்மஞ்சள் போக்குவரத்துக் கூம்பைக் கொண்டுவந்து டயருக்கு முன்னால் வைத்தார். நான் காலைக் கொஞ்சமாகத் தளர்த்திப் பார்த்தேன். கூம்பு அப்பளமாகப் போனது. இருவரும் அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தொடை நடுங்குது அய்யே," என்றேன். தமிழிலேயே சொன்னேன். அவருக்குப் புரிந்தது, என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அப்போது தூரத்தில் ஓர் உருவம் தெரிந்தது. அருள் மச்சான்! கல்லைப் பிள்ளையைத் தூக்குவது மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சட்டைப் பொத்தான் பிய்ய, கார்களுக்கு நடுவில் ஓடிவந்தார். போனவர்கள் வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். வந்த வேகத்தில் கல்லை டயருக்கு அடியில் போட்டார்.

"ஓடு!"

கியரைப் போட்டுவிட்டு ஓடினேன். அப்படி ஒரு ஓட்டம் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பிறகும் இல்லை. கழுத்தில் பெண்பிள்ளை கைப்பை, காலில் ஒரு செருப்புதான். வாசலில் ஸ்டெல்லா அழுவதற்குத் தயாராக நின்றாள். பையைக் கொடுத்தேன். பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள். அதிகாரி பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கால்களைப் பார்த்தார்.

"இவர்தானா?" என்று மட்டும் கேட்டார்.

"இவர்தான்," என்றாள் ஸ்டெல்லா.

அவள் உள்ளே ஓடினாள். கட்டிப்பிடிக்க நேரமில்லை. பதினொரு பேர் சேர்ந்து வந்தும் ஒருவருக்கும் ஒழுங்காக ஒரு முத்தம் கிடைக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கவுண்டரில் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அப்போதுதான் அம்மா அழுதார். நானும் அழுதேன். (வியர்வை என்று மச்சானிடம் சொன்னேன். சொல்ல வாயெடுத்தபோதுதான், மச்சான் வேனுக்குக் காவல் நிற்காமல் என் பின்னாலேயே ஓடிவந்திருப்பது தெரிந்தது.)

"மச்சான், கல்ல எந்தப் பக்கம் வெச்சீங்க?"

"டயருக்கு அடியில."

"முன்னாலயா, பின்னாலயா?"

மச்சான் கண்ணை மூடி யோசித்தார். பிறகு இருவரும் சேர்ந்து ஓடினோம்.

வழியில் கறுப்புக் கார் எங்களைக் கடந்து வெளியே போனது. ஒரு கீறல் இல்லை. அந்தோனியாருக்கு அந்த இடத்திலேயே மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். ஆனால் மேட்டில் வேன் இல்லை. கல் மட்டும் இருந்தது. பின்பக்கத்தில். கறுப்புக் கார் கிளம்பும்வரை வண்டியைப் பிடித்து வைத்திருந்தது கியர்தான்.

திரும்பிப் பார்த்தோம். வேன் மேட்டிலிருந்து இறங்கி, வந்த வேகத்தில் வளையாமல் நெளியாமல் நீளமாக உருண்டு, வாசலுக்குப் பக்கத்தில், மர நிழலில், ரெண்டு வெள்ளைக் கோட்டுக்கு நடுவில், முன் டயர் தடுப்புக்கட்டையில் முட்டி, அச்சுப் பிசகாமல் நின்றிருந்தது. மஞ்சள் அங்கிக்காரர் முதலில் காட்டிய அதே இடம். அவர் அதற்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கடைசி ஜன்னலில் அப்பாவின் தலை தெரிந்தது.

"எடம் நல்லா இருக்குடா," என்றார் அப்பா. "ஸ்டெல்லாவ எப்ப எறக்குறது?"

அவருக்கு நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் வெளியே ஒரு பிளேன் எழும்பியது. அது ஸ்டெல்லாவுடையதா என்று தெரியாது. இருந்தாலும் எல்லோரும் கையசைத்தோம். சோத்துப் பார்சலைப் பிரித்து அந்த நிழலிலேயே சாப்பிட்டோம். மஞ்சள் அங்கிக்காரருக்கும் ஒரு பார்சல். கிளம்பும் நேரம் வந்ததும், நான் மறுபடி அந்த மேட்டைப் பார்த்தேன்.

"என்னாத்த பாக்குற?" என்றார் அம்மா. "இத்தன பேரு இருக்கோம். தள்ளுனா கெளம்பாதா?"

நான் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். லிந்துலையில் ஏறியதிலிருந்து அத்தனை பேரும் எனக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரையும் நான் ஆளாகக் கணக்கில் எடுத்திருக்கவில்லை. சாமானாகத்தான் எடுத்திருக்கிறேன் போல. அம்மா சேலையை இடுப்பில் சொருகினார். மஞ்சள் அங்கிக்காரரும் சேர்ந்து தள்ளினார். கமராவோடு வந்த ரெண்டு வெள்ளைக்காரர்களும் தள்ளினார்கள். நாலு எட்டில் கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் என் பெயர் போய்விட்டது. கலியாணவீட்டுக்குப் போனால், "ஹேண்ட் பிரேக் வந்தாச்சா?" என்பார்கள். ஸ்டெல்லா மஸ்கட்டிலிருந்து பேசும்போது என் சுகம் கேட்பதற்கு முன் கல்லின் சுகம் கேட்பாள். பெருமாள் அண்ணன் வெட்கம் தாங்காமல் வேனுக்குப் புது ஸ்டார்ட்டர் போட்டார். அதற்குமேல் எனக்கு உள்ளங்கால் அரிக்கவில்லை. அந்த வேனையே நான் வாங்கிக்கொண்டேன். இப்போது சாவியைத் திருப்பினால் கிளம்பும்.

அவள் முதல் லீவுக்கு வந்தபோது அழைத்துவரப் போனோம். பிளேன் இறங்கி எல்லோரும் வெளியே வந்தாகிவிட்டது, இவளைக் காணோம். அம்மா ஜெபமாலையை எடுத்துவிட்டார். கடைசியில் சிரித்துக்கொண்டே வந்தாள். சுங்கத்தில் பிடித்து வைத்துவிட்டார்களாம். பெட்டிக்குள் முக்கோணமாக, கனமாக, மஞ்சள் நிறத்தில் ரெண்டு ரப்பர் கட்டை. டயருக்கு அடியில் வைப்பதற்கென்றே விற்பது. இது என்ன என்று கேட்டார்களாம்.

"நீ என்னா சொன்ன?"

"வேற என்னாத்த சொல்றது? ஏற்கனவே சொன்னதத்தான் சொன்னேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஸ்டார்ட்டர் புதுசா போட்டாச்சு. ஹேண்ட் பிரேக்கும் சரி பண்ணியாச்சு. இனி இதெல்லாம் எனக்கு எதுக்கு?"

ஸ்டெல்லா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரிண்ணே. வண்டிய எங்க போட்டிருக்கீங்க?"

நான் ஆகத் தொலைவில் தெரிந்த வேலியோரத்து மேட்டைக் கைகாட்டினேன்.